63(4) மின்னணு சாட்சியச் சான்றிதழ்: வாட்ஸ்ஆப், கால் ரெக்கார்டிங், சிசிடிவி. பகுதி 'பி'யில் யார் கையெழுத்து போடுவது?

நெல்லை ஜூனியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு பண வழக்கு தாக்கலுக்குத் தயாராகிறது. கட்சிக்காரர் ஹார்டுவேர் கடைக்காரர். கட்டட கான்ட்ராக்டர் ஒருவருக்குக் கடனில் கம்பி, சிமெண்ட் கொடுத்து நாலு லட்சத்துச் சொச்சம் நிலுவை. டெலிவரி சலான் எதிலும் கையெழுத்து இல்லை. வக்கீல் நோட்டீஸுக்கு "சரக்கே வாங்கவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. கையில் இருப்பது இவ்வளவுதான்:

1. "அடுத்த மாசம் முழுசா செட்டில் பண்ணிடறேன்ணே" என்கிற மாதிரி எதிர்த்தரப்பு அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள். அவை வந்த பழைய போனைக் கட்சிக்காரர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். இப்போது புதுப் போனில் பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் ஆகி இருக்கிறது.

2. நிலுவைத் தொகையை ஒப்புக்கொள்ளும் கால் ரெக்கார்டிங். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் எடுத்தது.

3. லாரியில் சரக்கு ஏற்றிய சிசிடிவி காட்சி. டிவிஆரில் (கேமரா காட்சியைப் பதியும் பெட்டியில்) அழிந்துவிட்டது. கடையில் வேலை பார்க்கும் பையன் மானிட்டரைத் தன் மொபைலில் படம்பிடித்து முதலாளிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது மட்டும் இருக்கிறது.

மின்னணு ஆவணத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் எழுதிப் பழக்கம் உண்டு. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4)இல் பகுதி 'ஏ' (சாதனத்தின் பொறுப்பாளர் தருவது), பகுதி 'பி' (நிபுணர் தருவது) என்று இரண்டு வருகிறது. 'பி'யில் நிபுணர் என்றால் யார்? ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் போதுமா? ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) எதற்கு, எப்போது எடுக்க வேண்டும்? இன்னொன்று: எங்கள் பார் அசோசியேஷன் ஸ்டடி சர்க்கிளில் இதே தலைப்பில் இரண்டு மணி நேரம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் படித்துக் காட்டுவதைத் தாண்டி என்ன வைக்கலாம்?

---

பழைய கட்டு எழுதியது:

முதலில் எந்தச் சட்டம் என்பதை முடித்துக்கொள்வோம். புதுச் சட்டத்தின் பிரிவு 170இன்படி 2024 ஜூலை 1க்கு முன்னால் நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சாட்சியச் சட்டம்தான். மெசேஜ் எந்தத் தேதியில் வந்தது என்பது கணக்கில்லை, நடவடிக்கை நிலுவையில் இருந்ததா என்பதே கணக்கு. உங்கள் வழக்கு இனிமேல்தான் தாக்கல் என்பதால் 2022இல் வந்த மெசேஜாக இருந்தாலும் 63(4), அட்டவணைப் படிவம். தலைப்பில் "65பி" என்று பழைய டெம்ப்ளேட்டையே அடித்துக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோர்ட் ஆபீஸ் ரிட்டர்ன் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் நல்லகாலம். போடாமல் வழக்கு நம்பராகி, கிராஸில் (குறுக்கு விசாரணையில்) வெளியே வந்தால்தான் வம்பு.

சான்றிதழ் கட்டாயமா என்ற கேள்வி பழைய சட்டத்தின் கீழேயே முடிந்துவிட்டது. 2014 அன்வர் எதிர் பஷீர், நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும் என்றது. நடுவில் 2018இல் ஷாஃபி முகமது தீர்ப்பு தளர்த்திப் பார்த்தது. 2020 ஜூலை 14 அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு அந்தத் தளர்வை ரத்துசெய்து அன்வரையே உறுதிப்படுத்தியது. அதில் இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, மூல சாதனத்தையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறித் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டாம். இன்னொன்று, சான்றிதழ் தர வேண்டியவர் மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வரவழைக்கலாம். தன்னால் ஆனதையெல்லாம் செய்தும் கிடைக்காதபோது அந்தக் கட்சிக்காரரைச் சட்டம் தண்டிக்காது.

போனையே தாக்கல் செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அந்தப் போன் வழக்கு முடியும்வரை நீதிமன்றச் சொத்து அறையில் கிடக்கும். பேட்டரி உப்பும், லாக் நம்பர் மறக்கும், நம்பர் வேறு போனுக்கு மாறினால் வாட்ஸ்ஆப்பும் இதில் லாக்-அவுட் ஆகும். கட்சிக்காரருக்கு அன்றாடம் வேண்டிய போன் என்றால் அந்த வழியே வேண்டாம்.

புதிதாக வந்த ஒரு சொற்றொடரைப் பலர் கவனிப்பதில்லை. "ஏற்பதற்காகச் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு முறையும்" சான்றிதழ் கூட இருக்க வேண்டும் என்று 63(4) சொல்கிறது. வழக்குரையோடு ஒரு தடவை, இடைக்கால மனுவில் ஒரு தடவை, ப்ரூஃப் அஃபிடவிட்டில் மார்க் பண்ணும்போது (சான்றாவணமாகக் குறியிடும்போது) ஒரு தடவை. முதலில் போட்டதன் ஜெராக்ஸை வைத்து ஒப்பேற்றாதீர்கள். விடுபட்டால் பின்னால் சரிசெய்ய முடியாதா என்றால், விசாரணை முடிவதற்குள் தரலாம் என்று அர்ஜுன் பண்டித்ராவும், பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கில் வந்த 2023 நசீர் தீர்ப்பும் சொல்கின்றன. ஆனால் அது கைவிட்டுப்போனதைக் காப்பாற்றும் வழி. முதல் நாளே திட்டமிடும் வழி அல்ல.

எதிர்த்தரப்பில் இருக்கும்போது இதே விஷயத்தைத் திருப்பிப் பாருங்கள். சான்றிதழ் இல்லை என்ற ஆட்சேபத்தை மார்க் பண்ணும் அன்றே எழுத வைக்க வேண்டும். நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபத்தை அப்பீலில் முதல்முறையாக எழுப்ப முடியாது என்று 2017 சோனு எதிர் ஹரியானா தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

---

பிட்டும் பைட்டும் எழுதியது:

சட்டத்தை சார் சொல்லிவிட்டார். நான் செய்முறைக்கு வருகிறேன். சான்றிதழ்கள் அடிபடுவது பெரும்பாலும் வாசகத்தால் அல்ல, நகல் எடுத்த வரிசையால். முதலில் நகல் எடுத்து, நாலு பேர் கை மாறி, பிரிண்ட் போட்டு, கடைசியில் "ஹேஷ் கேட்கிறார்களே" என்று எடுத்தால் அந்த ஹேஷ் எதையும் நிரூபிக்காது. எடுத்த இடத்திலேயே, எடுத்த உடனேயே ஹேஷ்.

ஹேஷ் எடுப்பது ஒன்றும் வித்தை இல்லை. விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையும் ஃபைல் இருக்கும் வழியும் கொடுத்தால் போதும். எதுவும் சொல்லாவிட்டால் அது எஸ்எச்ஏ-256தான் எடுக்கும். கட்டளை அடிக்கத் தயக்கமாக இருந்தால் செவன்-ஜிப் நிறுவிக்கொண்டு ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்தால் எஸ்எச்ஏ-256 தெரிவு வரும். வரும் எண்ணில் 64 எழுத்து இருக்கும். எஸ்எச்ஏ-1 என்றால் 40, எம்டி5 என்றால் 32. அட்டவணையில் இந்த மூன்றும், "வேறு" என்று ஒரு கட்டமும் இருக்கிறது. எம்டி5க்கும் எஸ்எச்ஏ-1க்கும் ஒரே ஹேஷ் வருகிற இரண்டு வேறு ஃபைல்களை உருவாக்கிக் காட்டியாகிவிட்டது (எஸ்எச்ஏ-1க்கு 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் சேர்ந்து). கிராஸில் அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் 256இலேயே நில்லுங்கள்.

அந்த 64 எழுத்தைக் கையால் அடிக்கவே கூடாது, காப்பி செய்து ஒட்டுங்கள். அதில் வருவது பூஜ்யம் முதல் ஒன்பது வரை இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் மட்டுமே. 'ஓ' என்றோ 'எல்' என்றோ ஓர் எழுத்து சான்றிதழில் தென்பட்டால் யாரோ பார்த்து அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹேஷ் ரிப்போர்ட்டை இணைக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. திரையில் வந்த வெளியீட்டை அப்படியே பிரிண்ட் எடுத்து இருவரும் கையெழுத்திடலாம்.

எதில் ஹேஷ் மாறும், எதில் மாறாது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஃபைல் பெயரை மாற்றினால் மாறாது. பென்டிரைவில் காப்பி செய்தால் மாறாது. போட்டோவைத் திருப்பி சேவ் செய்தால் மாறும். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாகவோ போட்டோவாகவோ அனுப்பினால் அது சுருக்கிவிடும், மாறும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மாறாது. ஐபோனிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது போட்டோஸ் செட்டிங்கில் "ஒரிஜினலை வைத்திரு" என்று இல்லாமல் "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால் ஹெச்இஐசி படம் ஜேபெக்காக மாறி வரலாம், அப்போது ஹேஷ் வேறு. அந்த செட்டிங்கைப் பார்த்துக்கொண்டு யூஎஸ்பி கேபிள் போட்டு எடுப்பதே பத்திரம். கட்சிக்காரர் ஒரு ஹேஷ் எடுத்துக்கொண்டு வீடியோவை நிபுணருக்கு வாட்ஸ்ஆப்பில் தள்ள, அவர் வேறு ஹேஷ் எழுத, 'ஏ'யும் 'பி'யும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும் சான்றிதழ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்போது உங்கள் மூன்றுக்கும் வருகிறேன்.

வாட்ஸ்ஆப்: சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட். மீடியாவோடு எடுங்கள். மீடியாவோடு எடுத்தால் கடைசிப் பத்தாயிரம் செய்தி, இல்லாமல் எடுத்தால் நாற்பதாயிரம் என்று வாட்ஸ்ஆப் வரம்பு வைத்திருக்கிறது. நீண்ட கால வியாபாரப் பேச்சு என்றால் ஆரம்பப் பகுதி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி"யைப் போட்டுவைத்திருந்தால் எக்ஸ்போர்ட்டே ஆகாது. 2025 ஏப்ரலில் வந்த வசதி அது. அப்போது ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் ஸ்கிரீன்ஷாட்டும்தான் வழி.

எக்ஸ்போர்ட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதில் வருவது போனில் சேமித்துவைத்த பெயர், நம்பர் அல்ல. யாருடைய நம்பரையும் "கான்ட்ராக்டர்" என்று சேமித்துவிட்டு எக்ஸ்போர்ட் எடுத்தால் அந்தப் பெயரில்தான் வரும். போதாததற்கு அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேடில் திறந்து மாற்றலாம். ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓட விட்டு, முதலில் காண்டாக்ட் பக்கத்தைத் திறந்து நம்பரைக் காட்டி, அங்கிருந்து சாட்டுக்கு வந்து, முக்கியமான செய்திகள்வரை மெதுவாக நகர்த்தி, நிலுவையை ஒப்புக்கொண்ட செய்தியில் தேதியும் நேரமும் தெரியும்படி சில நொடி நிறுத்துங்கள். அதே செய்திகளுக்கு முன்னும் பின்னும் நாலு செய்தி வரும்படி ஸ்கிரீன்ஷாட். நடுவில் ஒன்றை மட்டும் வெட்டிக் கொடுத்தால் "மீதியை ஏன் மறைத்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எக்ஸ்போர்ட் ஜிப், ஸ்கிரீன் ரெக்கார்டிங், ஒவ்வொரு ஸ்கிரீன்ஷாட், எல்லாவற்றுக்கும் தனித்தனி ஹேஷ். ஒரு அட்டவணையாகப் போட்டு இணையுங்கள்.

பழைய போன் போனது மரண அடி இல்லை. மறைத்தால்தான் அடி. 63(3)இன்படி ஒரே வேலையை ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்கள் செய்திருந்தாலும், இடையில் ஓர் இடைத்தரகர் சேவை இருந்தாலும், எல்லாம் சேர்ந்து ஒரே சாதனமாகக் கருதப்படும். பகுதி 'ஏ'யில் மூலம் என்ற இடத்தில் இப்போதைய போனின் மாடல், *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ என்ற சாதன அடையாள எண் (இரண்டு சிம் என்றால் இரண்டு எண்ணும்) எழுதுங்கள். படிவம் நிறத்தைக்கூடக் கேட்கிறது, விடாமல் எழுதுங்கள். "வேறு விவரம்" என்ற இடத்தில், செய்திகள் முன்பு இன்ன மாடல் போனில் பெறப்பட்டன, இன்ன தேதியில் அதே நம்பரில், இன்ன கணக்கின் பேக்கப்பிலிருந்து இந்தப் போனுக்கு ரெஸ்டோர் செய்யப்பட்டன என்று நேராகச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்ச் பில் இருந்தால் அதில் பழைய ஐஎம்இஐ பெரும்பாலும் இருக்கும். அதையும் ஆவணமாக வையுங்கள்.

கால் ரெக்கார்டிங்: போனின் ரெக்கார்டிங் ஃபோல்டரில் இருக்கிற முழு ஃபைலையும் கேபிளில் எடுங்கள். தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்த ஃபைல் இன்னொரு ஃபைல், அது வேண்டாம். ஃபைல் பெயரில் நம்பரும் தேதியும் தானாக வந்திருந்தால் மாற்றாதீர்கள். ஹேஷ் மாறாதுதான், ஆனாலும் அந்தப் பெயரே ஒரு சின்ன சாட்சி. தமிழில் எழுத்துப்படி, ஒவ்வொரு பேச்சுக்கும் நிமிடம், நொடியோடு. அந்த மாதத்து அழைப்பு விவரப் பட்டியலையும் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வரவழைக்க மனுப் போட்டால் அந்த நேரத்தில் அந்த அழைப்பு நடந்தது என்பது வெளியிலிருந்து உறுதியாகும். 2021 டிசம்பர் உரிமத் திருத்தத்தின்படி அதை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் கிடைப்பது சந்தேகம்.

சிசிடிவி: முதலாளியின் வாட்ஸ்ஆப்பில் இருப்பதை விட்டுவிட்டு, பையனின் போன் கேலரியில் மூல வீடியோ இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதற்குப் பகுதி 'ஏ' தர வேண்டியவர் அந்தப் பையன், முதலாளி அல்ல. அவர்தான் எடுத்தார், போனும் அவருடையது. அவர் சாட்சியாகவும் வர வேண்டியிருக்கும். மானிட்டரைப் படம்பிடித்தது டிவிஆர் பதிவின் நகல்கூட இல்லை, திரையில் கண்டதை எடுத்த வேறொரு பதிவு. மதிப்பு குறைவு என்று கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிவிஆரை மறுபடி எழுதாமல் நிறுத்திவிட்டுத் தடயவியல் ஆளிடம் கொடுத்தால் சில சமயம் மீட்க முடியும், ஆனால் மாதக்கணக்கில் ஓடியிருந்தால் ஆசைப்பட வேண்டாம்.

அடுத்த வழக்குக்காகச் சொல்லிவைக்கிறேன்: டிவிஆரிலிருந்து எடுக்கும்போது அதன் சொந்த வடிவத்தில் (சிபி பிளஸ், டாஹுவா என்றால் டிஏவி) ஒன்று, எம்பி4இல் ஒன்று என்று இரண்டு எடுங்கள். எம்பி4 மாற்றி எடுத்தது, அதன் ஹேஷ் வேறாகத்தான் இருக்கும்; இரண்டையும் சான்றிதழில் சொல்லிவிடுங்கள். டிஏவி ஓடுவதற்கான பிளேயரையும் பென்டிரைவில் போடுங்கள், இல்லாவிட்டால் கோர்ட்டில் திறக்காது. டிவிஆர் கடிகாரத்தையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே போட்டோவில் எடுத்து, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று எழுதிவையுங்கள். பல கடை டிவிஆர்கள் நிறுவிய நாளிலிருந்து நேரம் சரிபார்க்கப்படாமலே ஓடுகின்றன.

---

ஆர்டர் பதினொன்று எழுதியது:

எல்லோரும் ஹேஷில் இறங்கிவிட்டீர்கள். நான் ஒரு படி முன்னால் கேட்கிறேன்: இதை எந்தக் கோர்ட்டில் போடப் போகிறீர்கள்?

வியாபாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் இடையில் சரக்கு விற்பனை, மதிப்பு மூன்று லட்சத்துக்கு மேல். கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டத்தின் பிரிவு 2(1)(சி)க்குள் வர எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அப்படி என்றால் அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில் 12ஏ மத்தியஸ்தம் முடித்துவிட்டுத்தான் தாக்கல். 2022 பாட்டில் ஆட்டோமேஷன் தீர்ப்புக்குப் பிறகு இதில் தளர்வு இல்லை, வழக்குரையே நிராகரிக்கப்படும். மத்தியஸ்தத்தில் செலவான காலம் காலவரம்பில் கழிபடும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் காலவரம்பைக் காக்க "செட்டில் பண்ணிடறேன்" வாட்ஸ்ஆப்பை மட்டும் நம்பாதீர்கள். காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 18 கேட்பது கையெழுத்திட்ட ஒப்புதல், வாட்ஸ்ஆப் செய்தி அதற்குள் வருமா என்று வாதிட்டுத்தான் ஜெயிக்க வேண்டும். சரக்கு கொடுத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் இருப்பதைப் பில் வாரியாகச் சரிபாருங்கள்.

கமர்ஷியல் வழக்கு என்றானால் மின்னணு ஆவணத்துக்கு 63(4) மட்டும் போதாது. அந்தச் சட்டம் திருத்திய சிவில் நடைமுறைச் சட்ட ஆர்டர் 11 விதி 6(3)இன்படி பிரமாணத்தில் தனி உறுதிமொழி வேண்டும்: அந்தப் பதிவில் சம்பந்தப்பட்டவர்கள் யார், யாரால் எப்படி எடுக்கப்பட்டது, எப்போது உருவானது அல்லது பெறப்பட்டது, எப்போது பிரிண்ட் எடுக்கப்பட்டது, கம்ப்யூட்டர் யார் வசம், அது சரியாக வேலை செய்ததா, மூலத்திலிருந்துதான் எடுத்ததா. இவற்றில் பாதி பகுதி 'ஏ'யிலும் வரும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே குறிப்பைப் பார்த்து எழுதுங்கள். தேதியோ மாடலோ ஒன்றுக்கொன்று இடித்தால் எதிர்த்தரப்புக்கு வேறு வேலையே வேண்டாம். வழக்குரையோடு வைக்காத ஆவணத்தை அப்புறம் கொண்டுவர அனுமதியும் நியாயமான காரணமும் வேண்டும், சாதாரண வழக்கு மாதிரி "விட்டுப்போச்சு" என்று மனுப் போட்டு நிற்க முடியாது.

பேங்க் ஸ்டேட்மென்ட் வைக்கிறீர்களா? பகுதிப் பணம் கணக்கில் வந்திருந்தால் அதுதான் உங்கள் பலமான ஆவணம். அதற்கு 63(4) எழுத உட்காராதீர்கள். 1891 பேங்கர்ஸ் புக்ஸ் எவிடன்ஸ் சட்டத்தின் 2ஏ சான்றிதழை மேனேஜரிடம் வாங்குங்கள். சிஸ்டம் பொறுப்பாளர் கையெழுத்து தனியாக வேண்டும், மேனேஜர் சீலோடு விட்டுவிடுகிற கிளைகள் நிறைய.

---

நெல்லை ஜூனியர் எழுதியது:

நன்றி சார். 12ஏ எங்கள் கண்ணிலேயே படவில்லை, சீனியரிடம் சொல்கிறேன். பகுதி 'பி' மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏவில் மின்னணு சாட்சிய ஆய்வாளராக அறிவிக்கை பெற்ற ஆய்வகம்தான் வேண்டும் என்கிறார் ஒரு சீனியர். எங்கள் ஆபீஸ் கிளார்க்கே பிசிஏ முடித்தவர், அவர் போட்டால் ஆகாதா என்கிறார் இன்னொருவர். தெரியாமல் எடுத்த ரெக்கார்டிங் செல்லுமா என்பதும் பாக்கி.

---

பழைய கட்டு எழுதியது:

ரெக்கார்டிங் முதலில். தெரியாமல் எடுத்தது என்பதற்காக மட்டும் சாட்சியம் ஒதுக்கப்படாது என்பது 1973 மல்கானி தீர்ப்பின் காலத்திலிருந்து வரும் நிலை. எடுத்தவரே பேச்சில் ஒரு தரப்பு என்றால் இன்னும் சுலபம். 1985 ராம்சிங் தீர்ப்பு கேட்பவை வேறு: குரல் அடையாளம், பதிவின் துல்லியம், திருத்தப்படவில்லை என்ற நம்பிக்கை, விஷயத்தோடு பொருத்தம், பத்திரமான வசம், கேட்கக்கூடிய தெளிவு. சான்றிதழ் இருப்பதாலேயே குரல் அவருடையது என்று நிரூபணம் ஆகிவிடாது. கட்சிக்காரர் சீஃபிலேயே (முதல் விசாரணையிலேயே) "இந்தக் குரல் பிரதிவாதியுடையது, இத்தனை வருடமாகப் பழக்கம்" என்று சொல்ல வேண்டும். மறுத்தால் குரல் ஒப்பீட்டுக்கு ஆர்டர் 26 விதி 10ஏவில் மனு.

பகுதி 'பி': சட்டம் சொல்வது "ஒரு நிபுணர்", அவ்வளவே. 79ஏ ஆய்வாளர் என்று 63(4)இல் இல்லை. பிரிவு 39(2) 79ஏ ஆய்வாளரின் கருத்தைப் பொருத்தமானது என்கிறது, அவரை நிபுணர் என்கிறது. மற்றவர் நிபுணர் ஆகமாட்டார் என்று அது சொல்லவில்லை. 39(1)இல் தனித்திறமை உள்ள எவரும் வரலாம். இது என் வாசிப்பு. எதிர் வாசிப்பும் உண்டு. 79ஏ தரப்பு சொல்வதையும் தூக்கிப்போட முடியாது: சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024 அக்டோபரில் ஒரு கணவன் மனைவி வழக்கில், தமிழ்நாட்டுக்குப் போதுமான எண்ணிக்கையில் 79ஏ நிபுணர்களை அறிவிக்கும்படி மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து உத்தரவிட்டது. அரசு ஆய்வகங்களோ பெரும்பாலும் நீதிமன்றமோ போலீஸோ அனுப்பினால்தான் எடுத்துக்கொள்ளும். தாக்கலுக்கு முன்னால் தனியார் கட்சிக்காரர் அங்கே போய் நிற்க முடியாது.

ஆகவே இப்போதைக்கு ஒரு கணினித் துறைப் பட்டதாரி, முடிந்தால் சைபர் தடயவியலில் பயிற்சிச் சான்று உள்ளவர். கல்லூரி ஆசிரியர்கள் இதற்கு நல்ல தேர்வு, கூண்டில் நிதானமாகப் பேசுவார்கள். அவருடைய படிப்பு, அனுபவம் பற்றி ஒரு பக்கக் குறிப்பைப் பகுதி 'பி'யோடு இணையுங்கள். சாட்சியாக வரத் தயாரா என்று முதலிலேயே கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு சம்மனுக்குப் பதில் சொல்லாத நிபுணரால் பயனில்லை. எதிர்த்தரப்பு 79ஏ என்று பிடிவாதம் பிடித்தால், ஆட்சேபத்துக்கு உட்பட்டு மார்க் செய்யக் கேளுங்கள். பிபின் பஞ்சால் தீர்ப்பு காட்டிய வழி அது. கூடவே ஆய்வகத்துக்கு அனுப்ப மனுவும் கையில் இருக்கட்டும்.

உங்கள் கிளார்க் வேண்டவே வேண்டாம். நீங்களும் வேண்டாம். சாட்சியாக வர வாய்ப்புள்ள வழக்கில் வக்கீல் ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் நடத்தை விதி 13 இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது: கட்சிக்காரர் ஸ்கிரீன்ஷாட்டை ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்தால், அந்தக் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பாளர் யார்? நீங்கள். கிராஸில் அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுப்பார்கள். நிபுணர் இடத்திலேயே கட்சிக்காரரை உட்காரவைத்து, போனிலிருந்து எடுத்தல், ஹேஷ், பென்டிரைவில் பதிதல், பிரிண்ட், இரண்டு பகுதியிலும் கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடியுங்கள். நேரம் 24 மணிக் கணக்கில் எழுத வேண்டும், 15:40 என்பதுபோல்.

---

ஆர்டர் பதினொன்று எழுதியது:

ஸ்டடி சர்க்கிளுக்கு ஒரு யோசனை. பிரிவுகளை ஸ்லைடில் வாசிப்பதை அரை மணிக்குமேல் நீட்டாதீர்கள். மீதி நேரத்துக்கு நாலைந்து லேப்டாப், ஒரு பழைய போன், ஒரு பென்டிரைவ். ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு எல்லோரும் ஹேஷ் எடுக்கட்டும். எல்லோருக்கும் ஒரே 64 எழுத்து வரும். பிறகு கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்து மறுபடி எடுக்கட்டும். அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். அடுத்தது ஒரு வீடியோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி இரண்டு ஹேஷையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிறகு வெற்றுப் பகுதி 'ஏ'வை ஆளுக்கொன்று கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். "சொந்தம், பராமரிப்பு, நிர்வாகம், இயக்கம்" என்ற நாலில் எதை டிக் செய்வது என்பதிலேயே பாதிப் பேர் நிற்பார்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் ஒருவர் நிபுணர், ஒருவர் குறுக்கு விசாரணை. நீதித்துறை நடுவர் யாராவது வந்து உட்கார ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது.

வேறு புதுச் செய்தி என்று கேட்பார்கள், டிபிடிபியை (டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை) தொடாமல் விட முடியாது. 2023 சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வாரியம் தொடர்பான பகுதி உடனே, ஒப்புதல் மேலாளர் பகுதி ஓராண்டில், முக்கியக் கடமைகள் 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதவாக்கில். "வக்கீலுக்குப் பொருந்தாது" என்று பேசிக்கொள்கிறார்கள், அது அரைகுறை. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தரவுப் பயன்பாட்டுக்கு 17(1)(ஏ) விலக்கு தருகிறது, உண்மை. ஆனால் 8(1)உம் 8(5)உம் அந்த விலக்கில் இல்லை. 8(5) என்றால் பாதுகாப்பு ஏற்பாடு. அதில் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி. கட்சிக்காரரின் முழு வாட்ஸ்ஆப் எக்ஸ்போர்ட், அவர் குடும்பப் படங்கள் உட்பட, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இல்லாமல் கிடக்கிறதா என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

---

நெல்லை ஜூனியர் எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: சோதனைக்காக அதே சாட்டை இன்று இரண்டு முறை எக்ஸ்போர்ட் எடுத்தோம். இரண்டு ஜிப்புக்கும் ஹேஷ் வேறு வேறு. உள்ளே செய்திகள் அப்படியேதான் இருக்கின்றன. ஏதாவது தவறு செய்கிறோமா?

---

பிட்டும் பைட்டும் எழுதியது:

தவறில்லை. ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டும் புதிதாக உருவாகும் ஒரு ஜிப், அதற்குள் உருவான நேரமும் பதியும், ஆகவே வெளி ஜிப்பின் ஹேஷ் மாறத்தான் செய்யும். ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் டெக்ஸ்ட் ஃபைலுக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். இடையில் புதுச் செய்தி எதுவும் வராமலும் காண்டாக்ட் பெயரை மாற்றாமலும் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோர்ட்டுக்கு ஒரே ஒரு எக்ஸ்போர்ட்தான். ஹேஷ் எடுத்த அந்த ஜிப்பை இரண்டு பென்டிரைவில் பதியுங்கள், பதிந்த பிறகு பென்டிரைவிலிருந்தே ஒருமுறை ஹேஷ் எடுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒன்று தாக்கலுக்கு, ஒன்று கவரில் ஒட்டி கட்சிக்காரர் வசம். இரண்டாவதாக எடுத்த சோதனை எக்ஸ்போர்ட்டை இப்போதே அழித்துவிடுங்கள். மார்க் பண்ணும் அன்று அவசரத்தில் யாராவது அதை பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோவார்கள், சான்றிதழில் ஒரு ஹேஷும் ஃபைலில் வேறு ஹேஷுமாக நிற்கும்.